அலைக்கு முறை வைத்த செண்பகவல்லி

எங்கள் அலுவலகத்துக்குக் காலையில் வரும் அழைப்புகள் 'நெட் வரல' என்றுதான் தொடங்கும். புகார் கேட்பது என் வேலை என்பதால், அதைக் காலை வணக்கமாக எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தேன். சென்ற மாதம் ஒரு நாள், மதுரை ஆஸ்பத்திரியில் எங்கள் முதலாளி அக்காவுக்குத் துணையாக இருந்த லைன்மேன் முருகேசன் பேசினார். "அண்ணே, நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று ஆரம்பித்தார். அப்போதே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "அக்காதான் போயிட்டாக. ஆஸ்பத்திரியிலேயே."

செண்பகவல்லி அக்காவைத் திருச்சுழி வட்டாரத்தில் அறியாதவர்கள் குறைவு. அவரால் நெட் வந்தவர்கள் ஒரு பாதி. நெட் வராதபோது அவரைத் திட்டியவர்கள் மறுபாதி. இரண்டு பாதியும் ஒரே ஆட்கள்தான்.

முதலில் அவர் நடத்தியது கேபிள் டிவி. பிறகு அதே கம்பியில் இன்டர்நெட்டும் கொடுத்தார். அந்தச் சமயத்தில் சாலையை அகலப்படுத்தத் தொடங்கினார்கள். கேபிளை எங்கே பதித்திருக்கிறோம் என்பது எங்களைவிடப் பொக்லைனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நாங்கள் ஒட்டுவோம், அது வெட்டும். ஒருநாள் அறுந்த நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னார்: "தரையில போனாத்தான வெட்டுறான்? மேல போவோம்." அருப்புக்கோட்டையில் ஒரு டவர், திருச்சுழியில் ஒரு டவர், அங்கிருந்து ஊர் ஊராக, வீட்டு மாடியில் சாப்பாட்டுத் தட்டளவில் ஒரு டிஷ். இப்படித்தான் எங்கள் சீமைக்குக் கம்பியில்லா இன்டர்நெட் வந்தது. மழையை நம்பாமல் இங்கே வளர்ந்தவை இரண்டு. மற்றது சீமைக்கருவேலம்.

இரண்டுக்கும் ஆகாது. டவருக்கும் டிஷ்ஷுக்கும் நடுவில் மரம் நின்றால் சிக்னல் போகாது. நரிக்குடி சாலையில் ஒருவர் தன் கருவேலங்காட்டில் கை வைக்க விடவில்லை. "மரத்தை வெட்டுனா எனக்கு என்னம்மா லாபம்?" என்றார். "துபாய்ல இருந்து ஒங்க மக பேசுதுல்ல, மூஞ்சி தெரியுதா?" என்று கேட்டார் அக்கா. "கட்டம் கட்டமாத் தெரியுது." "முழுசாத் தெரியும்." மறுநாளே அந்த மரங்கள் கரிமூட்டத்துக்குப் போய்விட்டன.

பள்ளிக்கூடம் செல்போனுக்குள் நடந்த காலத்தில் எல்லா ஊரும் நெட் கேட்டது. எங்களைப் பார்த்து மேலும் மூன்று பேர் டவர் போட்டார்கள். அவர்களில் பெரியவர் பந்தல்குடி பால்ச்சாமி. நாங்கள் பயன்படுத்தும் அலைவரிசையை அரசு எல்லாருக்கும் பொதுவாகத் திறந்துவிட்டிருந்தது. சேவை நடத்த உரிமம் வேண்டும், அலையின் பவர் இன்ன அளவைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் விதி. அந்த அளவை மீற ஒரு குறுக்கு வழி இருந்தது. எந்த நாட்டில் இருக்கிறாய் என்று டிஷ் கேட்கும்போது, அதிகப் பவர் அனுமதிக்கும் வேறொரு நாட்டின் பெயரைக் கொடுத்துவிட வேண்டும். ஆறே மாதத்தில் பந்தல்குடி முதல் நரிக்குடி வரை எங்களுடையவை தவிர எல்லா டிஷ்களும் வெளிநாட்டில் குடியேறின. கடவுச்சீட்டு இல்லாமல் இத்தனை பேர் போனது வேறெந்த ஊரிலும் நடந்திருக்காது.

அவர்களின் அலை எங்கள் அலையை அமுக்கியது. நரிக்குடிப் பக்கம் எங்கள் இணைப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. இப்படியே போனால் தீபாவளியோடு கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"அக்கா, நாமளும் கொஞ்ச நாளைக்கு வெளிநாடு போயிட்டு வந்துருவமே" என்றேன்.

"நாம பவரைக் கூட்டுனா பால்ச்சாமி இன்னும் கூட்டுவாரு. கல்யாண வீட்டுல எல்லாரும் கத்துறாகன்னு நாமளும் கத்துனா யாரு பேசுறது யாருக்குக் கேக்கும்? நம்ம டிஷ்ஷு திருச்சுழியிலதான இருக்கு தம்பி? இங்கதான் இருக்கேன்னே சொல்லட்டும்."

அரசுக்கு ஒரு புகார் எழுதினேன். உவமைகள் நன்றாக அமைந்திருந்தன. அக்கா படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்க. அதிகாரி வந்து அம்புட்டு டிஷ்ஷையும் அணைச்சுட்டுப் போனா, பிள்ளைக எதுல படிக்கும்?" என்று மடித்து வைத்துவிட்டார். மறுநாள் மற்ற மூவரையும் திருச்சுழிக் கண்மாய்க்கரைக்கு வரச் சொன்னார்.

"என்ன மதினி, இம்புட்டு டீக்கடை இருக்க, கரைக்குக் கூப்பிட்டிருக்கீக? தண்ணியில தள்ளப் போறீகளா?" என்று வந்தார் பால்ச்சாமி.

"தள்ளிவிட அரைத் தண்ணிதான் கெடக்கு கொழுந்தனாரே. அதான் யோசிக்கேன்."

தண்ணீர் குறைந்த வருடங்களில் எங்கள் கண்மாய்களில் முறை வைப்பது வழக்கம். அவரவர் முறையில் அவரவர் வயலுக்குத் தண்ணீர் போகும். மடையைத் திறந்து மூடுபவர் நீர்பாய்ச்சி. அந்தக் கண்மாய்க்குக் கீழே அவருக்கு ஒரு குழி நிலமும் இருக்கக் கூடாது.

"அலையும் இந்தத் தண்ணி மாதிரிதான்" என்றார் அக்கா. "நாலு பங்காப் பிரிப்போம். அவுகவுக பங்குல அவுகவுக ஓட்டுங்க. பவரு சர்க்காரு சொன்ன அளவு."

"நல்லதை நீங்க எடுத்துக்கிட்டு சொத்தையை எங்களுக்குத் தள்ளுவீக" என்றார் பால்ச்சாமி.

"நீங்க மூணு பேரும் எடுங்க. மிஞ்சுனது எனக்கு."

மிஞ்சியது சொத்தைதான். டவுனில் இருக்கிற அத்தனை வீட்டு வைஃபையும் சந்தை கூட்டும் இடம். அக்கா முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டார். பால்ச்சாமி கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சரி மதினி. யாரு கண்காணிக்கிறது? இங்க நாலு பேருமே கள்ளப்பயலுக."

"என்னையுமா சொல்றீக?"

"ஒங்களைக் கணக்குக்குச் சேத்துக்கிட்டேன்."

வீட்டில் நெட் வைக்காத ஒருவர்தான் இதற்குச் சரி என்று முடிவாயிற்று. என் வீட்டில் புத்தகங்கள் இருப்பதால் நெட்டுக்கு இடமில்லை. அக்காவிடம் சம்பளம் வாங்குகிறவன் என்றாலும், சொத்தைப் பங்கை எடுத்தவரின் ஆள் என்பதால் மற்ற மூவரும் ஒத்துக்கொண்டார்கள். அப்படித்தான் நான் அலைக்கு நீர்பாய்ச்சியானேன். அன்று பொழுது சாய்வதற்குள் எல்லா டிஷ்களும் தாய்நாடு திரும்பின. பவர் குறைந்ததில் சில நாட்கள் ஊர் எங்களைத் திட்டியது. பிறகு வேகம் ஏறியது, புகார் குறைந்தது, அலுவலகத்தில் என் முக்கியத்துவமும் குறைந்தது. தீபாவளிக்குக் கடை திறந்தே இருந்தது. நரிக்குடிக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

அடுத்த வருடம் ஓர் அதிகாரி அளவுக்கருவியோடு வந்தார். நான்கு பேருடைய டவர்களும் வரம்புக்குள் இருந்தன. யார் அலையும் யார் மேலும் ஏறவில்லை. "இப்படிப் பிரிக்கச் சொல்லி விதி இல்லையேம்மா?" என்றார். "விதி ஒங்களுது சார். முறை எங்களுது" என்றார் அக்கா. அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு மற்ற ஊர்க்காரர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று, எப்படிப் பிரித்தோம் என்பதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு போனார். நான் வேலை பார்க்கும் இடத்தை நினைத்து எனக்குத் தலை நிமிர்ந்த நாட்களில் அது ஒன்று.

சென்ற மாதம் அக்காவை எரியூட்டிவிட்டுத் திரும்பும்போது பால்ச்சாமி என்னோடு நடந்து வந்தார். அக்காவின் மகள் பெங்களூரிலிருந்து வந்து பொறுப்பெடுக்க எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை டவரில் ஏற முருகேசன் ஒருவரை விட்டால் ஆளில்லை. போட்டிக்காரருக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

"அவுக பங்கு இனி யாருக்குண்ணே?"

"அவுகளுக்குத்தான். அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

"அதைத்தான் கேக்க வந்தேன். அதுல எவனும் கை வச்சா எனக்கு மொத போன் போடுங்க. என் பயலுக வச்சாலும்தான். அவுக டவருக்கு நாளையில இருந்து நான் ஆளு அனுப்புதேன்."

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வேலை: எனக்கென்று ஒரு டிஷ்ஷும் இல்லாமல் நான்கு பேருடைய அலையையும் பார்த்திருப்பது. இன்று காலையும் பார்த்தேன். அந்தச் சொத்தைப் பங்கில் நரிக்குடிப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். மற்ற மூவரும் அதற்கு வழிவிட்டு, குரலைத் தாழ்த்தியே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.