சாமை மிதித்த ஆட்டத்தின் வாரிசுகள்

அந்த அம்மாளின் நடனத்தை இன்று ஆடிக்கொண்டிருப்பவர்கள்மேல் எனக்கு மரியாதை கிடையாது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு மூன்று நான்கு வருஷம் முன்னால், அரூர்ப் பக்கம் மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியாராக இருந்தேன். வெளிநாடுகளில் ஆடிப் பேர் வாங்கிய ஒரு அம்மாள், கோயில் ஆட்டமும் இல்லாமல் கொட்டகை ஆட்டமும் இல்லாமல் புதிதாக ஏதோ செய்கிறார் என்று பத்திரிகைகளில் வந்திருந்தது. அவர்தான் பொம்மிடியில் ரயிலைவிட்டு இறங்கி மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தார். மலைமேல் ஜனங்கள் வேலை செய்வதைப் பார்க்கவேண்டுமாம். வழிகாட்ட என்னைப் பிடித்தார்கள். பாதி ஏற்றத்தில் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் மலைமேல் சித்தேரி ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

சாமை அறுப்பு முடிந்து கதிரைக் களத்தில் பரப்பியிருந்த நேரம். எட்டுப் பெண்கள் கைகோத்து வரிசையாக நின்று, காலால் மிதித்து மணி உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு முப்பது வயதிருக்கும். கடுக்காய் பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து, இடது கால் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. வலது காலை ஊன்றி இடது காலை இழுத்துத்தான் வைப்பாள். அவள் இழுத்து வைக்கும்வரை மற்ற ஏழு பேரும் அடுத்த மிதி போடாமல் நிற்பார்கள்.

அம்மாள் மூன்று நாள் ஒரு பாறைமேல் உட்கார்ந்து பார்த்தார். நான்காம் நாள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டார். மத்தியானத்துக்குள் உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது.

"இந்தக் கால் எப்படி ஆச்சு?" என்று அவளிடம் நேராகவே கேட்டார்.

"கடுக்கா மரத்துல இருந்து வுழுந்துட்டனுங்க."

"மத்தவங்க உனக்காக நிக்கிறாங்களே?"

"நிக்காம? என்னை வுட்டுட்டு அவளுங்க மட்டும் எப்படி வூடு போய்ச் சேருவாளுங்க?"

அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த வருஷம் அம்மாள் அந்த மிதியை ஆட்டமாக்கிச் சேலத்தில் மேடையேற்றியதைப் பார்த்தேன். நகை இல்லை, ஜரிகை இல்லை. எட்டுப் பெண்கள். ஒருத்தி மட்டும் காலை இழுத்தாள். மற்ற ஏழு பேரும் ஒரு மூச்சு நேரம் நின்றார்கள். பிறகு எட்டுக் காலும் சேர்ந்து விழுந்தன. அந்த நிற்றல்தான் ஆட்டமே. பக்கத்தில் இருந்த வக்கீல் ஒருவர், "ஆட்டம் எப்போ சார் ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். கொட்டகையில் பாதி காலி.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே அம்மாள் இறந்துபோனார். இருந்தவரை அவருக்கு மேடை கொடுக்க ஆள் இல்லை. போனபிறகு பார்த்தால் ஊருக்கு ஒரு சீடர்.

விடுதலை வந்த மறு வருஷம் அவர்களில் தலைமைச் சீடர் எங்கள் ஊருக்கு வந்தார். பட்டு ஜிப்பா, தோள்வரை முடி. கூடவே எட்டுப் பெண்கள், ஒரு போட்டோக்காரர். ஏற்றத்தில் அவரை டோலி கட்டித் தூக்கிப்போக வேண்டியிருந்தது. களத்தில் இறங்கியதும் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போட்டோ எடுத்தானதும் கை கழுவத் தண்ணீர் கேட்டார்.

அன்றும் சாமைதான் மிதித்துக்கொண்டிருந்தார்கள். கால் கோணலானவளுக்கு இப்போது மிதிக்க முடிவதில்லை. ஓரமாக உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சீடர் வரிசையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன சார் இது? ஒரிஜினலையே மறந்துட்டாங்களே! இடது கால் இழுவை எங்கே?"

மரம், விழுந்தது, எலும்பு எல்லாவற்றையும் சொன்னேன். அவளையும் காட்டினேன்.

"அது பூமியோட வேதனை சார். பத்து வருஷமா சாதகம் பண்றோம். பள்ளிக்கூடத்து வாத்தியார் நீங்க, இதுல எல்லாம் தலையிடாதீங்க."

சொன்னதோடு விடவில்லை. களத்துப் பெண்களுக்கே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவர்கள் சிரித்துச் சிரித்துக் காலை இழுத்தார்கள். ஒரு மணி உதிரவில்லை. பொறுமை போய், தம் பெண்களை ஆடிக்காட்டச் சொன்னார். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் இடது காலை இழுத்தார்கள். யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை. நிற்க என்ன இருக்கிறது? எல்லாருக்கும்தான் கால் போய்விட்டதே.

புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். அவள் முகத்தில் கேலியே இல்லை.

"அய்யோ பாவமே! எட்டுப் புள்ளைங்களும் மரத்துல இருந்து வுழுந்துச்சுங்களா வாத்தியாரே?"

ஆடியவர்களில் ஒரு பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். சீடரோ அந்தப் பெண்ணையே முன்னால் தள்ளி, அவள் தலையில் கால் கோணலானவளைக் கை வைக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். 'மலைத்தாயின் ஆசி' என்று பத்திரிகையில் வந்தது.

அடுத்த வாரம் தர்மபுரியில் நடந்த அவர்கள் நிகழ்ச்சியில் எனக்கு மாலை போட்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நடந்ததைச் சொல்லிவிடுவது என்றுதான் மேடை ஏறினேன். முன்வரிசையில் தாசில்தார் இருந்தார், என் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் இருந்தார். "அம்மாளின் கலை அப்படியே வாழ்கிறது" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பலத்த கைதட்டல். ஆகவே சீடர்களைத் திட்டும்போது என்னையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன்.

மறு வருஷமே கூட்டம் இரண்டாகப் பிளந்தது. இழுக்கவேண்டியது வலது கால்தான் என்று இன்னொரு சீடர் கிளம்பினார். ஆதாரம் ஒரு பழைய போட்டோ. அதை இடவலம் மாற்றி அச்சடித்திருப்பதைச் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். எந்தக் கால் என்று சான்று தரும்படி இருவருமே எனக்குக் கடிதம் போட்டார்கள். இருவருக்கும் ஒரே பதில்தான் எழுதினேன்: "அந்தக் காலுக்குச் சொந்தக்காரி நன்றாக இருக்கிறாள். நேரில் வந்து அவளையே கேளுங்கள். பொம்மிடிக்கு வண்டி அனுப்புகிறேன்."

இருவரும் வரவில்லை. பதிலும் போடவில்லை.