தகரம் யூட்டுக்கு நேரில் சொல்லாத பதினாறு வரிகள்

செய்தி என்னுடைய போனில் வரவில்லை. சிலாவத்துறையில் நான் வைத்திருக்கும் போன் திருத்தும் கடையில், ஒருவருடைய போனின் உடைந்த கண்ணாடியை மாற்றிவிட்டு, புதியது வேலை செய்கிறதா என்று விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். முகநூல் திறந்தது. முதலாவதாக யூட்டின் படம். கழுத்தில் ஹெட்போன், பல் முழுக்கத் தெரியும் சிரிப்பு, மேலே கறுப்புப் பட்டியில் ‘கண்ணீர் அஞ்சலி’. நான் அந்த மனிதரிடம், அண்ணனை நாங்கள் அழைக்கும் முறையில், “நானா, இந்த டிஸ்ப்ளே சரியில்லை, வேற ஒண்டு போட்டுத் தாறன்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “கண்ணாடி நல்லாத்தானே இருக்கு தம்பி. இது நம்மட தகரம் யூட் எல்லோ?” என்றார்.

முப்பத்து மூன்று வயது. முதல் நாள் பின்னேரம் கடற்கரையில் பந்தடித்தவன். காலையில் கிணற்றடிக்கு முகம் கழுவப் போய், அப்படியே சரிந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போதே உயிர் இல்லை. இதயம் என்றார்கள். அதற்கு மேல் விரிவாகக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடையைப் பூட்டாமலே மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அவனுடைய ஊரான அரிப்பு வரை போன வழியெல்லாம், இது அவன் செய்கிற பகிடி, இறங்கியதும் கன்னத்தில் ஒன்று கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். அவன் வீட்டு ஒழுங்கையில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவன் என்று எழுதுகிறேன், குறை நினைக்காதீர்கள். அவர் என்று எழுதிப் பார்த்தேன், வேறு யாரோ செத்துப்போனது போல இருக்கிறது.

இதைப் படிக்கும் பலருக்கு அவனைத் தெரியும். உங்களில் சிலர் அவன் செய்த பீட்டுக்கு ராப் பாடியவர்கள், மற்றவர்கள் அந்தப் பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: மன்னாருக்குத் தெற்கே, மீள்குடியேறியவர்களுக்குக் கட்டிக் கொடுத்த ஒரு தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு, எங்கள் ஊர்ப் பேச்சில் ஹிப் ஹொப் வரும் என்று நம்பி, பீட் செய்து, எங்கள் குரலைப் பதிந்து, பிழை திருத்தி வெளியே அனுப்பிய தயாரிப்பாளர் அவன். இப்போது பாரிஸிலும் ரொறன்ரோவிலும் வவுனியாவிலும் இருக்கும் நீங்கள் சேர்ந்து அவனுக்கு ஒரு நினைவுப் பாடல் செய்கிறீர்கள். என் பங்குக்கு வரிகள் கேட்டு மூன்று தடவை எழுதிவிட்டீர்கள். நான் பதில் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், அதற்குக் காரணம் இருக்கிறது.

அவனைப் பற்றி என்னிடம் ஏற்கெனவே பதினாறு வரிகள் இருக்கின்றன. அவன் சாவதற்கு முன் எழுதியவை. அஞ்சலி அல்ல, ஏச்சு. கடைசி இரண்டு மாதமும் நாங்கள் பேசவில்லை. அவனுடைய சட்டப்படி அந்த வரிகளை நான் முதலில் அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அந்தச் சட்டத்தைச் சொல்வதற்கு முன் அவன் எனக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்து, கொண்டச்சியில் எங்கள் காணியைக் காடு வெட்டித் துப்புரவாக்கி நாங்கள் புத்தளத்திலிருந்து திரும்பி வந்திறங்கிய காலம். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது போய் அங்கே இருந்தவர்கள் நாங்கள். அவனுடைய குடும்பம் அதே நாட்களில்தான் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து வந்தது. என் கடைக்கு ஒரு லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் பாதி எழுத்துக் கட்டைகள் இல்லை. “சார்ஜ் ஏற மாட்டேங்குது, கொஞ்சம் பாத்துக் குடுங்க” என்றான். அவனுடைய பேச்சைக் கேட்டுக் கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். “எங்கயிருந்து, இந்தியாவோ?” என்று நானும் சேர்ந்து நக்கலடித்தேன். அவன் அசரவில்லை. “நீங்க மட்டும் என்ன, புத்தளத்தான்னுதான ஊர்ல சொல்றாங்க” என்றான். லப்டொப்பைத் திருத்தி ஓடவிட்டபோது அதிலிருந்து ஒரு பீட் வந்தது. டக், டக்டக், டக். நான் வேலையை விட்டுவிட்டேன்.

அது என்ன ஒலி என்று கேட்டேன். தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். காலை வெயில் ஏற ஏறக் கூரைத் தகரம் சூட்டில் விரிந்து தானாகவே டக் டக் என்று சத்தம் போடும். எங்கள் வீட்டிலும்தான் போட்டது. எங்களுக்கு அது வெக்கை வருகிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அவன் அதன் கீழே போனை வைத்துப் பதிந்திருந்தான். “இந்தத் தகரம் எந்த டிரம்மரை விடவும் சுத்தம்டா. அவசரப்படாது” என்று சொன்னான். அன்றைக்கு வைத்த பெயர்தான் தகரம் யூட்.

அந்தக் கொட்டில்தான் பிறகு எங்கள் ஸ்டூடியோ. எதிரொலி வரக்கூடாது என்று தகப்பனின் பழைய மீன் வலைகளைச் சாக்குகளில் திணித்துச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டிருந்தான். காற்றாடி போட்டால் மைக்கில் இரையும், போட விடமாட்டான். நெத்தலிக் கருவாட்டு மணத்துக்குள் வேர்க்க வேர்க்க நின்று பாடிவிட்டு வெளியே வந்தால், அரிப்புக் கடற்காற்று முகத்தில் அடிக்கும்போது அழுகை வருகிற அளவுக்குச் சுகமாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்து பாடிய உங்களில் ஒருவர் உள்ளேயே சத்தி எடுத்ததையும் நான் மறக்கவில்லை. பெயர் எழுதவில்லை, பயப்பட வேண்டாம்.

சட்டத்தை நான் கற்றுக்கொண்டது ஒரு கதவால். நாங்கள் ஊரை விட்டுப் போன பிறகு எங்கள் வீட்டின் நிலையையும் கதவையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். திரும்பி வந்த இரண்டாம் வருஷம், கரைப்பக்கத்து ஊர் ஒன்றில் வாப்பா அந்தக் கதவைக் கண்டுபிடித்துவிட்டார். அது ஒரு வீட்டு வாசலில் நின்றது. “விடு மகன், மரம்தானே” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். என்னால் விட முடியவில்லை. கள்ளர், காவாலி என்று கொதித்து எழுதிக்கொண்டு யூட்டிடம் ஓடினேன். அவன் வாசித்தான். மைக்கைப் போடவில்லை.

“யாரைத் திட்டி எழுதியிருக்கியோ, அவங்க மூஞ்சிக்கு முன்னாடி போய் முதல்ல சொல்லு. சொல்லிட்டு வந்து இங்க பாடு” என்றான்.

“உனக்கு விசரோ? அடிக்க வருவினம்” என்றேன்.

“அடிச்சா அதையும் சேர்த்து எழுது.”

மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு அவனே போனான். அந்த வீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா இருந்தார். பெயரையும் ஊரையும் சொல்லமாட்டேன். முற்றத்தில் நின்று எழுதியதை முழுக்கச் சொன்னேன். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். “ஓம் தம்பி. நாங்கள்தான் எடுத்தனாங்கள்” என்றார். “செல் அடிக்கேக்க பங்கருக்கு மேல போட்டனாங்கள். உள்ளுக்கு பிள்ளையள் இருந்தவை. வேற மரம் கிடைக்கேல்லை. இப்ப கழட்டித் தரட்டோ?” கேட்டுவிட்டு உண்மையிலேயே சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் வேண்டாம் என்று அவருடைய கையைப் பிடித்தேன். பிறகு பிளேன்ரீ தந்தார், குடித்தோம். வரும் வழியில் யூட், “இப்ப எழுதுடா” என்றான்.

எழுதினேன். பல வருஷம் பதிந்து வைத்திருந்துவிட்டு, சாவதற்கு இரண்டு மாதம் முன்புதான் யூட் அதை வெளியே விட்டான். அந்தப் பாட்டைத்தான் நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். கடைசி நாலு வரியில் அந்த அக்காவின் பதிலை அப்படியே வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய நல்ல வரிகள் என்றால் அந்த நாலும்தான். ஆனால் நீங்கள் கேட்ட பாட்டில் அவை இல்லை. யூட் வெட்டிவிட்டான். வெட்டியதை எனக்குச் சொல்லவும் இல்லை, பாட்டு வெளியான பிறகு உங்களைப் போலத்தான் நானும் கேட்டு அறிந்தேன்.

நேரே போய்ச் சொல்லச் சொல்லி எல்லோரையும் அனுப்பியவன் எனக்கு நேரே சொல்லவில்லை என்பதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. அந்த அக்கா அவனுடைய கத்தோலிக்கக் கோயிலுக்கு வருகிறவர். கதவுக் கதை வெளியே வந்தால் அவனுடைய ஊரில் முணுமுணுப்பு வரும். அதுதான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன். போன் அடித்தான், நான் தூக்கவில்லை. மறுபடி அடித்தான். மூன்றாம் தடவை குரல் பதிவு ஒன்று அனுப்பினான்: “மச்சான், நேர்ல வாடா, பேசணும்.” என் பேச்சுப் போலவும் அவனுடைய தமிழ்நாட்டுப் பேச்சுப் போலவும் கலந்து வரும் அந்தக் குரல். நான் பதினாறு வரி எழுதினேன். உன் ஆக்களுக்குப் பயந்துதானே என் நாலு வரியை அறுத்தாய் என்பது அதில் நாலாவது.

எழுதிய பிறகு அவனுடைய சட்டம் நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் வீட்டில் நிற்கும் நேரம் பார்த்துப் போய், முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவதென்று தீர்மானித்தேன். போகவில்லை. பதினோராவது வரியில் ஒரு எதுகை சரிவரவில்லை. அதைத் திருத்திக்கொண்டு அடுத்த ஞாயிறு போவோம் என்று விட்டேன். அவனை ஏசுகிற பாட்டில் அவன் எதுகைப் பிழை பிடித்துச் சிரித்துவிடக் கூடாது என்று எனக்கு ரோசம். அந்த வியாழக்கிழமைதான் அவன் கிணற்றடிக்குப் போனான்.

அடக்கத்தன்று நான் பேசவில்லை. உங்களில் பலர் பேசினீர்கள். வவுனியாவிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி பேச முடியாமல் அந்தக் கொட்டிலின் தகரத்தில் தட்டிவிட்டு விலகினாள். எல்லோரும் அழுதார்கள், எனக்குக் கண்ணீர் வரவில்லை. வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் சொன்னபோது அவர், “மௌத்தாகிற வயசா மகன் அது?” என்று என்னிடமே கேட்டார். அதற்குப் பிறகும் இரண்டு தடவை அவனுடைய எண்ணுக்குச் செய்தி தட்டச்சு செய்து, அனுப்பப் போகும்போது கையை எடுத்திருக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். சாப்பாடு முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள். அவனுடைய அம்மா அரைகுறையாகக் கட்டிய புது வீட்டின் விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். நான் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

“அம்மா, அவனைப் பற்றி ஒரு பாட்டு எழுதி வைச்சிருக்கிறன். ஏசித்தான் எழுதினனான். அவனிட்டச் சொல்லேல்லை.”

“சரி, எனக்குச் சொல்லு” என்றார்.

சொன்னேன். ஆறாவது வரியில் நிறுத்திவிட்டேன். “முழுசாச் சொல்லு மகன். அவன் பாதியில நிப்பாட்ட விடான்” என்றார். முழுவதும் சொல்லி முடித்தேன். அவர் அழவில்லை. நாலாவது வரியை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“அது பொய்” என்றார். “ஏன் வெட்டினவன் எண்டு எனக்குத் தெரியாது. என்னட்டச் சொல்லேல்லை. ஆனா அவன்ர ஆக்களுக்குப் பயந்து எண்டு எழுதியிருக்கிறாய். முகாமில பிறந்து முகாமில வளந்தவனுக்கு ஆர் மகன் சொந்த ஆக்கள்? இஞ்ச வந்து அவனுக்குக் கிடைச்ச ஆள் நீதானே.”

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. முப்பது நாள் வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. அந்த அம்மா என் தலையில் கையை வைத்தார்.

நண்பர்களே, நினைவுப் பாடலுக்கு என் பங்கு வராது. நான் அவனைப் பற்றி எழுதும் எதையும் முதலில் அவனிடம் சொல்ல வேண்டும், அதற்கு வழி இல்லை. உங்களில் யாராவது யாரையாவது ஏசி எழுதி வைத்திருந்தால், எதுகை சரியோ பிழையோ, இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு புத்தி சொல்லத் தெரியவில்லை.

நாலாவது வரியை அடித்துவிட்டேன். யூட்டைப் பற்றி எனக்கென்று மிஞ்சியிருப்பது பதினைந்து வரியும் நடுவில் ஒரு வெறும் இடமும்தான். அந்த இடத்தில் என்ன வரவேண்டும் என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். நேரில் வா என்று கூப்பிட்டான். நான் போகவில்லை.