வாளி பளீலும் ஊர் இணையத்தளமும்

ஊரின் இணையத்தளத்தைப் பளீல்தான் நடத்தினான். அதற்காக ஊர் அவனுக்கு நன்றி சொன்னதில்லை. குறை மட்டும் தவறாமல் சொன்னது. சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஆட்களைக் கிளப்பி, ஆளுக்கொரு வீட்டுத்திட்டத்தில் கொண்டுபோய்க் குடிவைத்திருந்தார்கள். பழைய பள்ளிவாசலின் ஒலிபெருக்கி அங்கெல்லாம் எட்டாது. யார் மௌத்தானார், எப்போது அடக்கம் என்று அறிய அந்தத் தளம்தான் இருந்தது. கட்டார் நாட்டில் வேலைக்கு இருந்த பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் அழுதார்கள், சில வேளை பிழையான ஆளுக்கும்.

யுத்தம் முடிந்து, பாதையில் சோதனைச்சாவடிகள் குறைந்த காலத்தில் தளத்தைப் புதிதாக்கும் ஆசை பளீலுக்கு வந்தது. கேட்காமல் செய்தால் திட்டுவார்களே என்று, 'உங்கள் கருத்து' என ஒரு பகுதி திறந்தான். கேட்டதற்கும் திட்டினார்கள். ஒருவர் மாட்டிறைச்சி விலையைத் தினமும் போடச் சொன்னார். இன்னொருவர் பக்கத்து வீட்டு மதில் தன் வளவுக்குள் வந்திருப்பதைப் படத்தோடு முகப்பில் போடக் கேட்டார். முகப்புக்கென்று பளீல் கண்முழித்துச் செய்த அசையும் நீரூற்றுப் படம் ஒன்று ஓயாமல் பாய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தால் மூத்திரம் முட்டுவதாக அவன் கூட்டாளி மசூர் எழுதினான்.

ஆனால் அதிகம் பேர் கேட்டது வேறு. முன்வீட்டுச் சல்மா உம்மா அதைச் சொல்லப் பளீல் வைத்திருந்த கடைக்கே வந்துவிட்டார்.

"என்ன மகன், மீராமுகைதீன் மௌத்தெண்டு போடுறாய். இந்த ஊருல எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மீராமுகைதீன். பட்டப்பேரயும் போட்டாத்தானே ஆள் விளங்கும்?"

"அது மரியாதையில்ல உம்மா."

"மௌத்தானவருக்கா, உனக்கா?"

கிழவி சரியான இடத்தில் கிள்ளிவிட்டார். பளீலை ஊர் 'வாளி பளீல்' என்றுதான் சொல்லும். சுனாமி வந்த காலையில் அவன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். அலை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை உருவிக்கொண்டு போனது. கையில் மிஞ்சியது அலுமினிய வாளி. அதை முன்னால் பிடித்தபடி பக்கத்து ஊரான நற்பிட்டிமுனை வரை ஓடினான். பின்பக்கத்துக்கு வாளி இல்லை. அத்தனை சாவுக்கு நடுவிலும் ஊர் அதை மறக்கவில்லை. சிரிக்க அதற்கு வேறொன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அவனுடைய வாப்பா மீராமுகைதீன் வேறு, அந்த வாளியை எறிய விடவில்லை. "உன்ட மானத்தக் காத்த சாமான்டா" என்று நெளிவு எடுத்து, புது வீட்டுக் கிணற்றடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பெயர் அழிந்து போகவேண்டும் என்பதுதான் பளீலின் ஒரே ஆசை. புதிய தளத்தில் பட்டப்பெயருக்கு இடமே வைக்கவில்லை.

தளம் புதிதான அதே வாரத்தில், விடிகாலைச் சுபஹ் தொழுதுவிட்டுப் படுத்த வாப்பா எழும்பவில்லை. 'ஆதம்பாவா மீராமுகைதீன் வபாத்தானார், அஸருக்குப் பின் அடக்கம்' என்று அழுதழுது தளத்தில் போட்டான் பளீல். வாசலில் கதிரைகள் போட்டாயிற்று. வந்தவர்கள் அக்கம்பக்கத்தார் மட்டும். வாப்பாவோடு கரைவலை இழுத்தவர்களில் ஒருவரையும் காணவில்லை. பகல் கழிந்து மசூர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"சனமெல்லாம் அரிசி ஆலை மீராமுகைதீன்ட ஊட்டுக்குப் போயிட்டுதுடா. அவர் முற்றத்துல இருந்து தேத்தண்ணி குடிக்காரு. போறவனுக்கெல்லாம் ஏச்சு விழுகுது."

யாரோ சிரித்தார்கள். பளீலுக்கும் சிரிப்பு வந்தது. கரைவலைக் கூட்டாளிமார் தோள் கொடுக்காமல் வாப்பா போகப்போகிறாரே என்று உள்ளே ஓடிக் கணினியைத் திறந்தான். நீரூற்றை முதலில் தூக்கினான். பிறகு வாப்பாவின் பெயருக்கு மேலே, பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினான்: 'வாளி பளீலின் வாப்பா.'

பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னமே வீட்டுக்கு வரும் ஒழுங்கை நிறைந்துவிட்டது. வீட்டுத்திட்டங்களில் இருந்து ஆட்டோக்களிலும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்களிலும் வந்து இறங்கினார்கள். வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கு கைமாறிக் கைமாறிப் போனது. பளீலே தோள் கொடுக்க முண்டியடிக்கவேண்டியிருந்தது.

அடக்கம் முடிந்து திரும்பியபோது மதிலோரம் சைக்கிளோடு ஒருவர் நின்றார். நற்பிட்டிமுனைச் செல்லத்தம்பி. சுனாமி வந்த அன்றைக்குக் கொடியில் கிடந்த தன் சாரத்தை இழுத்து அவனுக்கு எறிந்தவர்.

"உங்கட வாப்பாட பேர் எனக்குத் தெரியாது தம்பி. வாளி எண்டு மகள் வாசிச்சாள். ஆரெண்டு விளங்கிட்டு, வந்திட்டன்."

பளீல் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அந்த வாளி இன்னும் கிடக்கா?" என்று கேட்டார் செல்லத்தம்பி.

"ஓம் அண்ணன், கிடக்கு. வாப்பாவக் குளிப்பாட்டத் தண்ணி அள்ளினதே அதாலதான்."