மூன்றடித் தூரத்து வெளிச்சம்

என் வீட்டுக்காரருக்கு இந்த ஊரில் 'பளிச்' என்று பெயர். அவரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. ஊரிடம் விட்டிருந்தால் வேறு மாதிரி வைத்திருக்கும். கார்களின் முன்விளக்கில் இருக்கும் பழைய மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு, வெள்ளை எல்.இ.டி பல்பு மாட்டிக் கொடுப்பது அவர் தொழில். ஒரே ஒரு வண்டி நுழையக்கூடிய கடை. வண்டி உள்ளே போய் நின்றால் அதன் மூக்குக்கும் பின்சுவருக்கும் நடுவில் மூன்றடி இருக்கும். அந்தச் சுவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பால் வெள்ளையில் பெயிண்ட் அடிப்பார். எங்கள் சமையலறைச் சுவரில் பன்னிரண்டு வருடமாகக் காரை உதிர்கிறது. அதில் அவர் எதையும் விற்கவில்லை அல்லவா, அதனால் அது அப்படியே கிடக்கிறது.

வியாபாரம் நடக்கிற விதம் இதுதான். முதலில் ஒரு பக்கத்து பல்பை மட்டும் மாற்றுவார். ஷட்டரைப் பாதி இறக்கி இருட்டாக்குவார். பிறகு விளக்கைப் போட்டுவிட்டு வண்டிக்காரரைச் சுவர் ஓரமாக நிறுத்துவார்.

"இந்தப் பக்கம் பாருங்க சார், பழசு. இப்ப இந்தப் பக்கம் பாருங்க. கண்ணு கூசுதா?"

"ஆமாங்க, கூசுது."

"அதான் தரம்."

அவ்வளவுதான், ஆள் விழுந்துவிடுவார். பதினைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறவர்கள், மெத்தப் படித்தவர்கள் எல்லாரும் அந்தச் சுவர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். ரோட்டில் இது எப்படித் தெரியும் என்று ஒருவர், ஒரே ஒருவர்கூடக் கேட்டதில்லை. ரோடு மூன்றடியில் முடிந்துவிடுகிறது என்று நினைப்பு போலிருக்கிறது.

இவர் இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்த கதை பெரிய வீரக்கதை ஒன்றும் இல்லை. முதலில் சீட் கவர் தைத்தார். மூன்றே மாதத்தில் தையல் பிரிந்து, அமர்ந்தவர்களின் முதுகில் பஞ்சு ஒட்டியது. அடுத்து பாட்டுப் பாடும் ஹாரன் விற்றார். அதில் ஒன்று மருத்துவமனை வாசலில் பட்டன் சிக்கிக்கொண்டு, பேட்டரி தீரும்வரை பாடிவிட்டுத்தான் ஓய்ந்தது. அதற்கப்புறம் கார் கண்ணாடிகளுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினார். அந்த நாட்களில், "வெளிச்சம் கம்மியா இருந்தாதான் சார் கண்ணுக்கு நல்லது" என்று இதே வாய்தான் சொன்னது. தாள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியதும், ஒரே வாரத்தில் வெளிச்சத்தின் பக்கம் தாவிவிட்டார்.

நான் பேக்கரி வேன் ஓட்டுகிறேன், பதினோரு வருடமாக. நாலரை மணிக்கு அடுப்பிலிருந்து வந்த ரொட்டித் தட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், விடிவதற்குள் இருபத்திரண்டு கடையும் ஒரு மருத்துவமனை கேன்டீனும் முடித்திருப்பேன். இதுவரை ஒரு பன் நசுங்கியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் உருப்படியாக வேலை தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்று எங்காவது பதிவாகட்டும்.

வேன் இராத்திரி எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு அதை எடுத்துக்கொண்டு போய் இவரைக் கடையிலிருந்து அழைத்து வர வேண்டும். இவருக்குச் சொந்தமாக ஒரு பழைய கார் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டும் அதை ஓட்டுவார். மற்ற நாட்களில் காலையில் பஸ், சாயங்காலம் நான்.

"நாள் பூரா குனிஞ்சே வேலை பார்க்குறேன், இடுப்பு பிடிச்சுக்குது. அப்புறம் ஸ்டீயரிங் வேற பிடிக்கணுமா?" என்பார்.

சோம்பேறித்தனம் என்று விட்டுவிட்டேன். வேனில் ஏறியதும் தலையைக் குனிந்து போனைத் தடவ ஆரம்பித்தால், வீட்டு வாசலில்தான் நிமிர்வார். நாலு வருடமாக இதே கூத்து.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தூங்கி எழுந்து வருவதற்குள், வேனின் இரண்டு பல்புகளையும் மாற்றிவிட்டார். கேட்காமல் செய்த உபகாரம். கதவில் சூரியன் படம் போட்ட 'பளிச்' ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தது.

"பொண்டாட்டி மஞ்சள் லைட்டோட ஊரைச் சுத்தினா என் கடைக்கு என்ன மரியாதை?" என்றார்.

இந்த பல்பில் இரண்டு பக்கம்தான் ஒளி வரும். அந்தப் பக்கங்கள் இடமும் வலமும் பார்த்து இருக்க வேண்டும் என்று பெட்டியிலேயே படம் போட்டிருக்கிறான். பளிச் படத்தை மதிப்பாரா? கால் சுற்று திருகி, ஒன்று மேலே, ஒன்று கீழே பார்க்கிற மாதிரி வைப்பார். அப்படி வைத்தால் மூன்றடிச் சுவர் உச்சி முதல் அடிவரை முழுசாக வெளுக்கும். பல்பு செய்த கம்பெனிக்கே தெரியாத நுணுக்கத்தைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக அவருக்கு ஒரே பூரிப்பு. பழைய பல்புகள் எங்கே என்றேன். கடையில் டின்னில் போட்டாச்சு என்றார்.

திங்கட்கிழமை விடிகாலை தூறல். வேன் முன்னால் இருபது அடிக்குக் கல்யாண வீடு மாதிரி ஒரே வெளிச்சம். ரோட்டில் கிடந்த தீக்குச்சி தெரிந்தது. அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை, கறுப்புத் திரை. பக்கத்தில் அவ்வளவு வெளுப்பைப் பார்த்த கண்ணுக்குத் தூரத்தில் என்ன தெரியும்? மஞ்சள் பல்பு அழுதுகொண்டுதான் எரியும். ஆனால் எண்பது அடியில் நாய் படுத்திருந்தால் நாய் என்று சொல்லும். எதிரில் வந்தவர்கள் எல்லாரும் விளக்கை அடித்து அடித்துக் காட்டினார்கள். ஒரு லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "டிம் பண்ணு!" என்று கத்தினார். நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

பழைய மில் சுவர் வளைவில் ஓர் அக்கா தினமும் ரோடு கூட்டுவார். தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்தியிருப்பார். தூரத்திலேயே அந்த வண்டி தெரியும், நான் வேகத்தைக் குறைப்பேன், அவர் துடைப்பத்தைத் தூக்கிக் காட்டுவார். பதினோரு வருடப் பழக்கம். அன்றைக்கு வளைவில் எதிரே ஒரு கார் வந்தது. அதன் விளக்கும் வெள்ளை. இரண்டு வெள்ளைக்கும் நடுவில் எனக்குக் கண்ணே இல்லாமல் போய்விட்டது. ஏதோ நினைத்து பிரேக்கை மிதித்தேன். வேன் வழுக்கியது. பின்னால் ரொட்டித் தட்டுகள் மொத்தமும் சரிந்தன. முன்னால் டக்கென்று ஒரு சத்தம்.

இறங்கி ஓடினேன். தள்ளுவண்டி கவிழ்ந்து கிடந்தது. அக்கா பக்கத்துச் சாக்கடையில் உட்கார்ந்து, வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீயாம்மா?" என்றார். "நீன்னு தெரியலையேம்மா. வெளிச்சம்தான் வந்துச்சு. வண்டி வர்றது தெரியவே இல்ல. எந்தப் பக்கம் ஒதுங்குறதுன்னு புரியாம குதிச்சுட்டேன்."

மணிக்கட்டு உடைந்திருந்தது. அவரை வேனில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகும்போது பார்த்தேன், எதிரில் வந்து நின்றிருந்த காரின் கதவிலும் சூரியன் படம் சிரித்தது.

பேக்கரி முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"லைட் சரியா இருக்குன்னு பரிசோதனை நிலையத்துல சீட்டு வாங்கிட்டு வாம்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். இல்லன்னா வேற டிரைவரைப் போட்டுக்குறேன்" என்றார். பதினோரு வருடம் ஒரு பன் நசுங்காமல் ஓட்டியதற்கு நாலு நாள் அவகாசம்.

பரிசோதனை நிலையத்தில் ஒரு பெண்மணி, விளக்குக்கு முன்னால் பெட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து உள்ளே பார்த்தார். பிறகு கதவில் ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரித்தார்.

"இவர் வேலையா? வாரத்துக்கு நாலு வண்டி வருதுங்க இப்படி. பாதி வெளிச்சம் மரத்துக்குப் போகுது, மீதி உங்க பம்பர் அடியில விழுது. ரோட்டுக்குன்னு ஒண்ணும் மிச்சமில்ல."

"எல்.இ.டி-யே மோசமா?" என்றேன்.

"கம்பெனியிலேயே வெச்சு வர்ற காருல பல்பு உட்கார அதுக்குன்னு தனிக் கூடு இருக்கும். வெளிச்சம் கோடு கிழிச்ச மாதிரி எதிராளி கண்ணுக்குக் கீழேயே நின்னுடும். அதுலயும் கூடு கொஞ்சம் தூக்கியிருந்தா போச்சு, எதிர்ல வர்றவர் கண்ணு அவ்வளவுதான். உங்க வேன் கூடு மஞ்சள் பல்புக்குச் செஞ்சது. இதுல இதை மாட்டினா எப்படிங்க? யாருங்க இவரு?"

யாரோ தெரியாது என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் பளிச் மெஷினைத் திட்டினார். "பெட்டிக்குள்ள பார்த்து என்ன தெரியும்? சுவத்துல பார்க்கச் சொல்லு!" அக்காவின் கை உடைந்ததற்கும் காரணம் வைத்திருந்தார்: தூறல். எனக்கு வந்த ஆத்திரத்தில் வேன் சாவியை அவர் மடியில் எறிந்தேன்.

"நாளைக்குச் சாயங்காலம் கடையிலேருந்து நீங்கதான் ஓட்டுறீங்க. மில் வளைவு வழியா."

"இடுப்பு..."

"இடுப்பை நான் பிடிச்சுக்குறேன். நீங்க ஸ்டீயரிங்கைப் பிடிங்க."

புதன்கிழமை ஏழு மணிக்கு வேனைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு இடப்பக்க இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். பளிச் வண்டியை மூன்று சுற்று சுற்றி வந்தார். டயரைத் தட்டிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் ஏறினார். சைக்கிள்கூட முந்திப்போகிற வேகம். மில் சுவர் தொடங்குகிற இடத்தில் எதிரே ஒரு கார் திரும்பியது. மனுஷன் நட்ட நடு ரோட்டில் பிரேக் போட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கார் ஹாரனை அலறவிட்டு, ஓரமாக உரசிக்கொண்டு போனது. கதவில் சூரியன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடுப்பு வலி, பஸ், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடுகிற கார், தலை நிமிராமல் தடவுகிற போன் என்று இந்த நாலு வருடத்தில் இருட்டிய பிறகு இவர் ஒரு நாள்கூட ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை.

"கண்ணு கூசுதா?" என்றேன்.

"கூசுதுடி."

"அதான் தரம்."

அவர் கையை எடுக்கவே இல்லை. "ராத்திரியில எனக்கு எதிர்ல எதுவும் தெரியறதில்ல. எவன் வந்தாலும் கண்ணுலயே அடிக்கிறான்," என்றார்.

"நாலு வருஷமா தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா என் வண்டியில மாட்டினீங்க?"

பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் இறங்கிப்போய் அவரை இடப்பக்க இருக்கைக்குத் தள்ளிவிட்டு, வண்டியைத் திருப்பிக் கடைக்கே ஓட்டினேன். அங்கே பழைய பல்புகள் கிடந்த டின்னைத் தரையில் கவிழ்த்தார். நூற்றுக்கணக்கில் உருண்டன. ஊரில் பாதிப் பேரின் பார்வை அந்த டின்னில்தான் கிடந்திருக்கிறது. குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்து, என் வேனுக்குப் பொருந்துகிற ஜோடியைத் தேடி எடுக்க அவருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஒத்தாசை செய்யவில்லை.

வியாழக்கிழமை சீட்டுக் கிடைத்தது. வெள்ளிக்கிழமை விடிகாலை ரொட்டி ஏற்றினேன். வேலை தப்பியது. அக்காவுக்குத்தான் ஆறு வாரம் மாவுக்கட்டு. பளிச் அவருக்கு ஒரு டார்ச் கொடுத்தனுப்பினார். அதிலும் ஸ்டிக்கர். பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் கொடுத்தேன்.

மனுஷன் திருந்திவிட்டார் என்று யாரும் மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். மாட்டிக் கொடுத்தவர்களை எல்லாம் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன்.

"கூப்பிட்டு என்னன்னு சொல்றது? நான் மாட்டினது தப்புன்னா? பேரு நாறிடும்."

இப்போது பெட்டியில் இருக்கிற படத்தின்படி மாட்டுகிறாராம். எப்பேர்ப்பட்ட தியாகம். சுவருக்குப் போன வாரம் மறுபடி வெள்ளை அடித்தார்.

சாயங்காலம் இன்றைக்கும் நான்தான் அழைத்து வருகிறேன். மஞ்சள் வெளிச்சத்தில் வேன் போகிறது. எதிரே வெள்ளையாக ஒன்று வந்து கண்ணில் அறைகிறது. "இது உங்களுது" என்கிறேன். அடுத்தது வருகிறது. "இதுவும்." மில் வளைவுக்குள் ஆறேழு ஆகிவிடும். அவர் போன்கூட எடுப்பதில்லை, தலையை மட்டும் குனிந்துகொள்கிறார். எனக்குக் குனிய வழியில்லை. நான் ஓட்ட வேண்டும்.