இருபத்து நாலு பேரும் நான் அடித்த பதினோராவது பெயரும்

எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்க வேண்டும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மறதியும் வந்துவிட்டது. டிஸ்பென்சரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, நாங்கள் சுகர் ப்ராஜெக்ட் செய்ததைச் சொல்லச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

1. எத்தனை பேர்

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தேன். முழங்கால் போனதும் எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஆயாவாகப் போட்டார்கள். கொழுந்து விலை விழுந்து கிடந்த வருஷங்கள். ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. லயத்தில், அதுதான் நாங்கள் இருந்த வரிசை வீடுகளில், ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனார்கள். என் மகனும் போனான். வீட்டுக்காரர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். சாயங்காலம் கதவைச் சாத்தினால் மறுநாள் காலை வரை பேச ஆள் கிடையாது.

புதன்கிழமைதோறும் ஒரு டாக்டரம்மா வருவார். சுகர்காரர் ஒருவர் உள்ளங்கால் புண்ணைப் பார்க்காமல் விட்டு, காலையே எடுக்க வேண்டி வந்தது. அதிலிருந்து டாக்டரம்மாவுக்கு ஒரே கவலை. மாத்திரை போடுகிறார்களா, தினமும் காலைப் பார்க்கிறார்களா, சர்க்கரை இல்லாமல் டீ குடிக்கிறார்களா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுக் குறிக்க வேண்டும் என்றார். எங்கே குறைகிறதோ அங்கே நாம் சொல்லிக்கொடுக்கும் விதத்தை மாற்ற வேண்டுமாம்.

"ரிஜிஸ்தர்ல எழுபத்து ரெண்டு பேர் இருக்காங்க. ஒரு நாளைக்கு எத்தன ஊடு போவீங்க பாக்கியம்மா?"

"நாலுங்க."

"அப்ப வாரத்துக்கு இருபத்து நாலு. முன்னேறுதா இல்லையான்னு பாக்க இருபது பேர் இருந்தாப் போதுங்க. நாலு பேர் கூட இருக்கட்டும், திருப்பூர் போறவங்க போவாங்கல்ல."

"எல்லாரையும் பாக்க வேண்டாங்களா?"

"எல்லாரையும் ஒருக்கா பாக்கறத விட, கொஞ்சம் பேர வாரா வாரம் பாத்தாத்தான் மாறுதான்னு தெரியும். ஆனா ஆளுகள நீங்களாப் பாத்து எடுக்கக் கூடாதுங்க. ரிஜிஸ்தர்ல மூணுக்கு ஒண்ணு."

எண்ணி எழுதினேன். பதினோராவதாக வந்தது மருதை.

2. மேட்டு லயம்

மருதை சிலோனிலிருந்து வந்தவர். வாட்ச்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மேட்டு லயத்தின் கடைசி காம்பராவில், ஒற்றை அறையில், தனியாக இருந்தார். முதல் வாரம் மூச்சு வாங்க ஏறிப் போய் வாசலில் நின்றேன்.

"யாரு, வாயத் தொறக்காத பாக்கியமா? நோட்டெல்லாம் தூக்கிட்டு வந்திருக்க! ஏன் புள்ள, என் காலு என்ன தேயிலத் தூளா, நீ சாம்பிள் பாக்க? போ, போயி உன் தொரசாணி டாக்டரு கால மொதல்ல பாரு!"

குழாயடியில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். காது சுட்டது. ஒன்றும் கேட்காமல் இறங்கி வந்து, ஸ்கேல் வைத்து அவர் பெயரை அடித்தேன். ரிஜிஸ்தரில் அவருக்கு அடுத்து இருந்த சரோஜாவை எழுதினேன். சரோஜா என் பக்கத்து வீடு. வெறும் டீ ஊற்றிக் கொடுத்து, உட்காரு அக்கா என்பாள். ஒரு பெயரை அடித்த பிறகு கை கூசவில்லை. மேட்டு லயத்தில் இன்னும் நாலு பேரை அப்படியே அடித்துவிட்டு, பழகிய வீட்டு ஆட்களை எழுதினேன். எண்ணிக்கை மட்டும் இருபத்து நாலில் குறையவில்லை. அந்த வீடுகளில் பேசிய பேச்சுதான் அந்த நாட்களில் எனக்குத் துணை.

ஆறாவது வாரம் டாக்டரம்மா பெயர் எழுதிய பக்கத்தை விட்டு, டிக் போட்ட பக்கங்களைப் புரட்டினார். "அட, எல்லாம் டிக்காவே இருக்குதுங்களே! நல்லாப் புடிச்சுக்கிட்டாங்க. அடுத்த மாசம் வேற எஸ்டேட்டப் பாக்கலாங்க."

நோட்டை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

3. சாக்கின் அடி

இரண்டு நாள் கழித்து, கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் கனகு என்பவளுக்கு விரலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். விலை இல்லாத காலமாதலால் ஃபேக்டரி ஆபீசர் ஒவ்வொரு சாக்கிலும் ஒரு பிடி அள்ளி, எத்தனை நல்ல இலை, எத்தனை முற்றியது என்று எண்ணுவார்.

"நல்லாப் பாருங்கய்யா, பூராவும் இளங்கொழுந்து" என்றாள் கனகு.

"மேல பாத்துத்தான் போன வாரம் ஏமாந்தேன்" என்று அவர் தோள் வரை கையை விட்டார். வந்தது அத்தனையும் முற்றிய இலை. "மேலருந்து நூறு பிடி அள்ளினாலும் பிரயோஜனம் இல்லம்மா. அடியிலருந்து ஒரு பிடி வரணும்."

பறிக்கிற காலத்தில் நானும் அப்படிச் சாக்குக் கட்டியவள்தான். என் நோட்டும் அந்தச் சாக்குதானே.

அன்று மத்தியானமே மேட்டு லயத்துக்கு ஏறினேன். மருதை படுத்துக் கிடந்தார். வலது காலில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. வாடை வாசலுக்கே வந்தது. சுகரில் கால் மரத்துப்போய், ஆணி ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. இந்த முறை கிண்டல் இல்லை.

"வந்துட்டியா புள்ள. படுத்து ரெண்டு வாரமாச்சு, இந்தப் பக்கம் ஆளே வரல."

ஊட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கால் தப்பியது, இரண்டு விரல் போனது. புதன்கிழமை நோட்டை டாக்டரம்மா முன்னால் வைத்து, அடித்த பெயர்களைக் காட்டினேன்.

"இருபத்து நாலு சரியான எண்ணுதாங்க பாக்கியம்மா. ஆனா இது எழுபத்து ரெண்டு பேரோட கணக்கு இல்லீங்க. உங்களுக்குக் கதவு தொறக்கறவங்க கணக்கு."

வேற எஸ்டேட் பேச்சை விட்டுவிட்டார். மூணுக்கு ஒண்ணாக எண்ணி எடுத்த பழைய பெயர்களையே வைத்து முதல் வாரத்திலிருந்து தொடங்கினோம். டிக் பாதியாகக் குறைந்தது. மேட்டு லயத்துக்கு என்ன வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. குனிந்து காலைப் பார்க்க முடியாதவர்களுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். மருதை அதில் முகம் பார்த்து மீசை வாரினார். காலையும் பார்த்தார்.

ஆனால் ஊர் காலியாகிக்கொண்டே இருந்தது. சரோஜாவும் போனாள். கடைசியில் எங்கள் இருபத்து நாலு பேரில் பதின்மூன்று பேர்தான் நின்றார்கள். இத்தனை பேரை வைத்து உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது, ஆள் போகிற ஊரில் இன்னும் அதிகம் பேரோடு தொடங்கியிருக்க வேண்டும் என்று டாக்டரம்மா எழுதி முடித்தார். வாரம் எத்தனை படி ஏற முடியும் என்று மட்டும் பார்க்காதீர்கள், யார் யார் போய்விடுவார்கள் என்றும் பாருங்கள் பிள்ளைகளே. எந்த வாசலுக்குப் போகக் கூச்சமாக இருக்கிறதோ, அந்தப் பெயரை அடிக்காதீர்கள்.

ப்ராஜெக்ட் முடிந்த பிறகும் வியாழக்கிழமைகளில் மேட்டு லயத்துக்கு ஏறினேன். டிக் போட நோட்டு இல்லை. "சாம்பிளு வந்துருச்சா?" என்று மருதை உள்ளிருந்து கேட்பார். அவர் இருந்த வரை அது நடந்தது.

நோட்டுகள் டிஸ்பென்சரி அலமாரியில் இருக்க வேண்டும். மொத்தம் எழுபத்து ரெண்டா எழுபத்து நாலா, கடைசியில் நின்றது பதின்மூன்றா பன்னிரண்டா என்று யாராவது பார்த்துத் திருத்துங்கள். முதல் நோட்டில் பதினோராவது வரியில் ஸ்கேல் வைத்து அடித்த ஒரு பெயர் இருக்கும். அதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.