என் தாடையும் இரண்டு காப்புறுதிகளும்

காலைச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் கீழ்த்தாடையின் இடப்பக்கம் கனப்பதை உணர்ந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வானொலியில் எனக்கு வேலை. வாய்தான் என் தொழில். கண்ணாடியில் பார்த்தேன். தாடையோரம் புளியங்கொட்டை அளவு புடைத்திருந்தது. நோவே இல்லை.

தாடை அறுவை நிபுணர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது சூத்தைப் பல் இல்லை, பிள்ளை. எலும்புக்குள்ளை சிஸ்ட் ஒண்டு வளருது. விட்டால் தாடை முறிஞ்சுபோகும்."

சிஸ்ட் (எலும்பைக் கரைத்து வளரும் நீர்ப்பை) என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

என்னிடம் இரண்டு காப்புறுதிகள் (காப்பீடுகள்) இருந்தன. ஒன்று, ஊழியர் எல்லோருக்குமாக நிறுவனம் எடுத்த குழு மருத்துவக் காப்புறுதி. மற்றது, நானே தனியாக எடுத்த பல் காப்புறுதி. அந்தத் தெம்போடுதான் மருத்துவமனைக்குப் போனேன்.

கட்டணம் வாங்கும் கருமபீடத்தில் இருந்த பெண் குழுக் காப்புறுதி அட்டையைத் திருப்பித் தந்தார். "பல் வருத்தத்துக்கு இது செல்லாது, அக்கா."

பல் காப்புறுதியிலோ பெரிய சிகிச்சைகளுக்கு ஒரு வருடக் காத்திருப்புக் காலம் (உதவி தொடங்குமுன் கடக்க வேண்டிய இடைவெளி) இருந்தது. எனக்கு இன்னும் நான்கு மாதம் மிச்சம்.

அன்று மாலை அழுதபடியே குழுக் காப்புறுதிக் கையேட்டைப் பிரித்தேன். விலக்குகள் (எவற்றுக்கு உதவி இல்லை என்ற பட்டியல்) என்ற பக்கத்தின் கடைசியில் 'பல் சிகிச்சை' என்று இருந்தது. அந்த வரி அங்கே முடியவில்லை. பக்கத்தைப் புரட்டினேன். 'தாடை எலும்பின் நோய்க்காக மருத்துவமனையில் தங்கிச் செய்யும் அறுவை தவிர.'

"இஞ்சை ஓடி வாங்கோப்பா! இதை வாசியுங்கோ!"

என் கணவர் குமரன் ஈரக் கையோடு வந்தார். இரண்டு தரம் வாசித்தார்.

"அப்ப உம்மடை டொக்டரிட்டைக் கடிதம் கேளும்."

"உள்ளதைத்தான் எழுதுவன்," என்றார் டொக்டர். உள்ளதே போதுமாக இருந்தது. நோயின் பெயர், எலும்பு கரைந்த அளவு, முழு மயக்கம் ஏன் தேவை என்பதெல்லாம் அந்த ஒரு கடிதத்தில் வந்தன. அலுவலகத்தில் காப்புறுதியைக் கவனிக்கும் சுகந்தி அக்கா அதைக் காப்புறுதி நிறுவனத்தின் முன் அனுமதிக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் ஒலிபரப்பு அறையைவிட்டு வெளியே வருகிறேன், நடையில் நின்றே கூவினார்:

"ஓமெண்டிட்டாங்களடி!"

நான் அவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன்.

உங்களுக்கும் மறுப்பு வந்தால், எந்த விதியின்படி என்று கேளுங்கள். அந்த விதியை முற்றுப்புள்ளி வரை வாசியுங்கள்.

அறுவையில் நீர்ப்பையோடு ஒரு கடைவாய்ப்பல்லும் போனது. புற்று இல்லை என்று அறிக்கை வந்தது. ஆனால் நரம்பு பாதிக்கப்பட்டதால் கீழுதடு மரத்துவிட்டது. 'ப'வும் 'ம'வும் வழுக்கின. எட்டு வாரம் நான் செய்தி வாசிக்கவில்லை.

எட்டாம் வாரம் ஒரு காலை, தேத்தண்ணி உதட்டைச் சுட்டது.

"சுடுதப்பா! எனக்குச் சுடுது!"

குமரன் பதறித் தண்ணீரோடு ஓடி வந்தார். நான் சிரித்துக்கொண்டே இன்னொரு மிடறு குடித்தேன்.

மறுவாரம் வேலைக்குத் திரும்பினேன். காத்திருப்புக் காலம் அடுத்த மாதம் முடிகிறது. போன பல்லுக்குச் செயற்கைப் பல் வைக்கப் பல் காப்புறுதி உதவும் என்று எழுத்தில் வாங்கிவிட்டேன். முன்பெல்லாம் நாட்கள் நகர்வதை நாட்காட்டியில் பார்த்தேன். இப்போது தினமும் காலையில் உதட்டை விரலால் தொட்டுப் பார்க்கிறேன். நேற்று உணர்வு உதட்டின் நடுவில் நின்றது. இன்று நாடி (மோவாய்) வரை வந்திருக்கிறது.