சுடாத கால்

இடது கால் மரத்து, ஒரு கண்ணும் மங்கியபோது கள்ளக்குறிச்சியில் கண் டாக்டர், எலும்பு டாக்டர் என்று ஒரு சுற்று சுற்றினேன். கடைசியில் புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையை அரித்துவிடுமாம். எதனால் என்று கேட்டேன். பரம்பரை கொஞ்சம், எப்போதோ வந்த வைரஸ் கொஞ்சம், இதுதான் என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது என்றார் நரம்பு டாக்டர். எங்கள் ஊர் கச்சிராயபாளையத்தில் அந்தக் குழப்பமே இல்லை. ஆளுக்கொரு காரணம் தயாராக வைத்திருந்தார்கள்.

ஸ்டீராய்டு டிரிப் ஏற்றியதும் கண் தெளிந்தது, நடையும் திரும்பியது; இடது பாதத்தின் மரப்பு மட்டும் போகவில்லை. ஆனால் நான் படுத்திருந்தபோதே அம்மா வேண்டிக்கொண்டுவிட்டாள்: மகள் எழுந்து நடந்தால் அம்மன் கோயிலில் தீ மிதிப்பாள். கால் என்னுடையது, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டிரிப் அப்போதைய வீக்கத்தைத்தான் அடக்கும், நோய் மறுபடி தாக்குவதைக் குறைக்கத் தினமும் மாத்திரை வேண்டும், சூடு ஆகாது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

"ஆத்தா இருக்கிறப்ப நெருப்பு சுடாது. நீ இன்னாத்துக்குப் பயப்படுற?"

"எனுக்கு எதுவுமே சுடாதும்மா. அதான் பயமா இருக்குது."

காதில் வாங்கினால்தானே. வேண்டுதலை விட்டால் நோய் திரும்பிவிடும் என்று அவளுக்கு நடுக்கம். எனக்கோ எரிச்சல் தலைக்கேறியது.

காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள், வெந்நீர் அடுப்பருகே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தேன். "இன்னாடீ நாத்தம்?" என்று வந்த அம்மா கீழே பார்த்தாள். அடுப்பிலிருந்து சிதறிய கங்கின் மேல் என் இடது பாதம். நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவள் தள்ளிய வேகத்தில் போன் எங்கோ போய் விழுந்தது.

தண்ணீர் ஊற்றி, காலை மடியில் வைத்து, வெந்த இடத்தைச் சுற்றி விரலால் அழுத்தினாள்.

"இங்க தெரியுதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்லம்மா."

இதையும் அருள் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் துணியை நனைத்துக் காலில் சுற்றினாள். மறுநாள் கோயிலுக்குப் போய், "வேண்டிக்கினது நானு, மிதிக்கிறதும் நானுதான்" என்று பூசாரியிடம் தன் கையை நீட்டிக் காப்புக் கட்டிக்கொண்டாள்.

தீமிதி அன்று அவள் நிதானமாகத்தான் நடந்தாள். ஜனம் கையெடுத்துக் கும்பிட்டது. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு காலை நீட்டினாள். இரண்டு பாதத்திலும் கொப்புளம்.

"எனுக்குச் சுட்டுச்சுடீ. வெளியில சொல்லாத" என்றாள். பிறகு கேட்டாள், "நீ மாத்திர போட்டியா?"